படத்தில் பாடாதவர் பெயரில் நிற்கும் பாட்டு: ஆண்டி வில்லியம்ஸின் ‘மூன் ரிவர்’ ஆல்பம்

கேள்வி இதுதான்: அமெரிக்கப் பாடகர் ஆண்டி வில்லியம்ஸ் 1962இல் வெளியிட்ட ‘மூன் ரிவர் அண்ட் அதர் கிரேட் மூவி தீம்ஸ்’ ஆல்பத்தில் பன்னிரண்டும் சினிமாப் பாட்டுகள். ஒன்றைக்கூட அவர் படத்தில் பாடியதில்லை. அப்படியிருக்க ‘மூன் ரிவர்’ என்றதும் பலரும் அவர் பெயரையே சொல்வது எப்படி? அடுத்தவர் பாட்டுகளை இப்படி அள்ளிக்கொண்டு ஆல்பம் போட்டால் யாரும் கேட்கமாட்டார்களா?

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அது தெளிந்தால்தான் முதல் கேள்விக்கான பதில் புரியும்.

நம் ஊரில் ஒரு படப்பாட்டு என்றால் அது ஒரு குறிப்பிட்ட ஒலிப்பதிவு. இந்தக் குரல், இந்த வயலின், இந்த இடையிசை, இந்தத் தபேலா நடை. வேறொருவர் பாடினால் அவர் அந்தப் பாட்டை “நன்றாகப் பாடியிருக்கிறார்” என்போம். பாட்டு மட்டும் பழைய குரலுக்கே சொந்தமாக இருக்கும். அன்றைய அமெரிக்காவில் கணக்கு வேறு. அங்கே பாட்டு என்பது முதலில் அச்சிட்ட தாள். மெட்டும் வரிகளும் ஒரு இசைப் பதிப்பகத்தின் சொத்து. ஒலிப்பதிவு அதன் மேல் எழுப்பும் கட்டடம். ஒரே மெட்டின் மேல் பத்துப் பேர் பத்து விதமாக எழுப்பலாம்.

அதற்குச் சட்டமே வழி செய்திருந்தது. 1909ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையாளரின் சம்மதத்தோடு ஒரு பாட்டு ஒருமுறை பதிவாகிவிட்டால், அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அதைப் பதிவு செய்யலாம். பிரதிக்கு 2 சென்ட் கட்டினால் போதும். தானாக வாசிக்கும் பியானோவுக்கான துளைத்தாள் சுருள்கள் சக்கைப்போடு போட்ட காலம் அது. ஒரே கம்பெனி எல்லாப் பாட்டுகளையும் வளைத்துப் போட்டுவிடும் என்ற பயத்தில்தான் இந்த ஏற்பாட்டைக் கொண்டு வந்தார்கள். அந்த 2 சென்ட் கட்டணம் 1978 வரைக்கும் மாறவே இல்லை. ஆக, பன்னிரண்டு பாட்டு உள்ள ஆல்பத்தின் ஒரு பிரதிக்குப் பதிப்பகங்களுக்குப் போகும் தொகை அதிகபட்சம் 24 சென்ட்.

சில்லறைக் காசுதானே என்று தோன்றும். ஆனால் பெரிய ஸ்டுடியோக்கள் சொந்தமாகவே இசைப் பதிப்பகம் வைத்திருந்தன. ‘மூன் ரிவர்’ பாட்டின் பதிப்பகம் பாரமவுன்ட் ஸ்டுடியோவின் ஃபேமஸ் மியூசிக். ஊரில் உள்ள பாடகர் ஒவ்வொருவரும் அதைப் பாடப் பாட, ஸ்டுடியோவுக்குக் காசும் வந்தது, படத்துக்கு இலவச விளம்பரமும் கிடைத்தது. 1952இல் ‘ஹை நூன்’ படம் வந்தபோதே இது எல்லாருக்கும் புரிந்துவிட்டது. படத்தில் பாடியவர் டெக்ஸ் ரிட்டர். ஃபிராங்கி லெயின் பாடிய இசைத்தட்டோ தனியாக ஓடு ஓடென்று ஓடியது. அதற்குப் பிறகு தலைப்புப் பாட்டு இல்லாமல் படம் எடுக்கவே தயாரிப்பாளர்கள் யோசித்தார்கள். யாரும் கேட்கமாட்டார்களா என்றால், கேட்பதாவது! “தயவுசெய்து பாடுங்கள்” என்று பாடகர்களின் வாசலில் போய் நிற்பதற்கென்றே பதிப்பகங்கள் ஆட்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தன.

சரி, இனி ‘மூன் ரிவர்’.

1961இல் வந்த ‘பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனிஸ்’ படத்துக்காக ஹென்றி மான்சினி மெட்டமைத்து, ஜானி மெர்சர் எழுதிய பாட்டு அது. படத்தில் பாடுபவர் ஆட்ரி ஹெப்பர்ன். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, கிதாரை மெல்ல மீட்டியபடி பாடுவார். அவர் தேர்ந்த பாடகி அல்ல. மான்சினி முன்பு அவர் ‘ஃபன்னி ஃபேஸ்’ படத்தில் பாடியதைக் கேட்டு அந்தக் குரலின் எல்லையை அளந்து வைத்திருந்தார். அந்த எல்லைக்குள், ஒரு ஸ்தாயியைச் சற்றே தாண்டும் அளவில் மெட்டைப் போட்டார்.

அந்த மெட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். தாளம் மூன்று எண்ணிக்கை, வால்ட்ஸ் நடை. தலைப்பின் இரண்டு சொற்களுக்கும் சேர்த்து மூன்றே சுரம். கீழ்ப் பஞ்சமத்தில் நீளமாக நின்று, ஒரே தாவலில் மேல் ரிஷபத்துக்குப் போய், ஷட்ஜத்தில் வந்து அமர்கிறது: ப, ரி, ச. அப்புறம் அடுத்த வரியில் நிஷாதத்திலிருந்து படிப்படியாக மத்யமம் வரைக்கும் இறங்கி, பஞ்சமத்தில் ஓய்கிறது. சி மேஜரில் வாசித்தால் இந்த வரிகளுக்குக் கறுப்புக் கட்டையைத் தொடவே வேண்டாம். ஆர்மோனியம் கற்க உட்கார்ந்த குழந்தைகூட ஒரு சாயங்காலத்தில் பிடித்துவிடும். ஆனால் அந்த முதல் தாவல் இருக்கிறதே, அது பாடுகிறவரைக் காட்டிக் கொடுத்துவிடும். ரிஷபத்தில் அழுத்திக் குந்தினால் பாட்டு ஏக்கத்தை இழந்துவிடும். தொட்டும் தொடாமலும் கடந்து ஷட்ஜத்துக்கு வந்தால் ஏங்கும். ஹெப்பர்ன் மூச்சுப் பற்றாமல் கடந்தார். வில்லியம்ஸ் வேண்டுமென்றே மெத்தென்று கடந்தார். இரண்டுமே அந்தத் தாவலுக்குப் பொருந்தின.

இங்கேதான் விஷயம் சுவையாகிறது. படத்தின் இசை ஆல்பத்தில் ஹெப்பர்ன் குரலே கிடையாது. மான்சினி தன் ஆர்க்கெஸ்ட்ராவையும் கோரஸையும் வைத்து மறுபடி பதிவு செய்த வடிவத்தைத்தான் ஆர்சிஏ நிறுவனம் விற்றது. அன்றைய ‘சவுண்ட்டிராக்’ ஆல்பங்கள் பலவும் இப்படித்தான்; படத்தில் கேட்டது ஒன்று, தட்டில் கிடைப்பது வேறொன்று. ஹெப்பர்ன் பாடியதை இசைத்தட்டு வடிவில் வெளியிட்டது 1993இல், அவர் இறந்த பிறகு. முப்பது வருஷத்துக்கு மேல், படத்தின் உண்மையான குரல் வேண்டுமென்றால் படத்தைத்தான் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

ஆக, பாட்டு ஊர் முழுக்கப் பிரபலம். அதன் சொந்தக் குரல் மட்டும் கடையில் இல்லை. நாற்காலி காலியாக இருந்தது, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். மான்சினியின் பதிவும் ஜெர்ரி பட்லரின் பதிவும் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஆளுக்கு 11ஆம் இடம் வரை போயின. பிரிட்டனில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த டானி வில்லியம்ஸ் அதைப் பாடி 1961 டிசம்பரில் முதலிடம் பிடித்தார். (ஆண்டிக்கு உறவில்லை, பெயர் ஒற்றுமைதான்.) ஆண்டி வில்லியம்ஸ் இத்தனை பேருக்கும் பின்னால் வந்தவர். இன்னும் ஒரு வேடிக்கை, அமெரிக்காவில் அவர் அதைத் தனித்தட்டாக (‘சிங்கிள்’) வெளியிடவே இல்லை. ஆல்பத்தில் ஒரு பாட்டாக மட்டும் இருந்தது.

அவர் ஏன் பிந்தினார் என்பதற்கும் கதை உண்டு. அதுவரை அவர் கேடன்ஸ் என்ற சின்ன நிறுவனத்தில் பாடிக்கொண்டிருந்தார். 1957இல் ‘பட்டர்ஃபிளை’ என்ற பாட்டால் முதலிடமும் கண்டவர். ‘மூன் ரிவர்’ வந்தபோது கேடன்ஸ் முதலாளி ஆர்ச்சி பிளையர் கை விரித்துவிட்டார் என்று வில்லியம்ஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பாட்டில் ‘ஹக்கிள்பெரி ஃபிரெண்ட்’ என்று ஒரு தொடர் வரும். சின்னப் பிள்ளைகளுக்கு அது என்னவென்றே புரியாது, தட்டு விற்காது என்பது அவர் கணிப்பு. ஜார்ஜியா மாநிலத்து சவானாவில் வளர்ந்த மெர்சர், தன் பால்யத்தில் பறித்துத் தின்ற பழத்தின் பெயரை அங்கே வைத்திருந்தார். புரியாத அந்தத் தொடர்தான் பாட்டிலேயே எல்லார் மனதிலும் ஒட்டிக்கொண்ட தொடர் ஆயிற்று என்பது வேறு கதை. அதே ஊரில் இன்று ஒரு கழிமுகத்துக்கே ‘மூன் ரிவர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வில்லியம்ஸ் கொலம்பியா நிறுவனத்துக்கு மாறினார். அந்த வருஷத்து ஆஸ்கர் விழாவில் இந்தப் பாட்டைப் பாட அவரை அழைத்தார்கள். கொலம்பியாவில் அவருடைய தயாரிப்பாளரும் இசை ஒழுங்கமைப்பாளருமான ராபர்ட் மெர்சி வாய்ப்பை விடவில்லை. விழாவையொட்டி முழுக்கச் சினிமாப் பாட்டுகளாலேயே ஒரு ஆல்பம், முகப்பில் இந்தப் பாட்டின் பெயர். 1962 ஏப்ரல் 9ஆம் தேதி இரவு சாண்டா மோனிகா மேடையில் அவர் பாடினார், பாட்டும் ஆஸ்கர் வாங்கியது. நாடே தொலைக்காட்சியில் பார்த்த முகமும் கடையில் இருந்த அட்டையில் இருந்த முகமும் ஒன்றாக இருந்தன. ஆல்பம் பில்போர்ட் பத்திரிகையின் பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறி, ஆண்டுக்கணக்கில் பட்டியலை விட்டு இறங்காமல் கிடந்தது.

ஆனால் ஒரு இரவு விழாவால் மட்டும் பாட்டு ஒருவருக்குச் சொந்தமாகிவிடாது. அதே வருஷம் என்பிசி தொலைக்காட்சியில் ‘தி ஆண்டி வில்லியம்ஸ் ஷோ’ தொடங்கியது. நடுவில் ஒரு இடைவெளியோடு 1971 வரை ஓடிய அந்த நிகழ்ச்சியின் தொடக்கத்தில் வாராவாரம் ‘மூன் ரிவர்’ பாட்டின் முதல் சில வரிகளைப் பாடுவார். வீட்டுக்குள் வந்து வாராவாரம் ஒரே வரியைப் பாடுகிற மனிதரிடமிருந்து அந்தப் பாட்டை யார் பிரிக்க முடியும்? என்னைக் கேட்டால், ஆல்பம் விதைத்ததைத் தொலைக்காட்சி அறுவடை செய்தது. மிசூரி மாநிலத்து பிரான்சனில் அவர் 1992இல் கட்டிய அரங்கத்துக்கும், 2009இல் எழுதிய சுயசரிதைக்கும் இந்தப் பாட்டின் பெயரையே வைத்துக்கொண்டார்.

இன்னொரு காரணம் சந்தை. அப்போது தனித்தட்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குவது; ஆல்பம், வீட்டில் நல்ல ரெக்கார்ட் பிளேயர் வைத்திருக்கும் பெரியவர்கள் வாங்குவது. ராக் அண்ட் ரோல் இரைச்சல் என்று முகம் சுளித்த பெரியவர்களுக்குச் சினிமாப் பாட்டுதான் புகலிடம். படத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள், மெட்டு காதில் இருக்கிறது, குரல் மட்டும் இதமாக இருந்தால் போதும். வில்லியம்ஸ் அதற்கென்றே அளவெடுத்துத் தைத்த குரல்.

சரி, ஆல்பம் எப்படி? பன்னிரண்டில் ஐந்து, ஆஸ்கர் வாங்கிய பாட்டுகள். பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் ‘மூவி தீம்ஸ்’ என்ற பெயர் கொஞ்சம் தாராளம்தான் என்று தெரியும். ‘மரியா’, ‘டுநைட்’ இரண்டும் 1957இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் வந்தவை. 1961இல் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ படமான பிறகு சினிமாப் பாட்டாயின. ‘ஆஸ் டைம் கோஸ் பை’ இன்னும் பழையது, 1931ஆம் ஆண்டு மேடை நாடகத்துக்கு ஹெர்மன் ஹப்ஃபெல்ட் எழுதியது. 1942இல் ‘கசாபிளாங்கா’ வந்ததும் ஒட்டுமொத்த உலகமும் அதைப் படத்தோடு சேர்த்துக்கொண்டது.

அந்தப் பாட்டின் கதையும் நம் கேள்வியோடு ஒட்டியதுதான். ‘கசாபிளாங்கா’வில் அதைப் பாடியவர் டூலி வில்சன். படம் வந்த நேரம் அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தத்தில் இருந்தது. அதனால் வில்சனால் அதை அப்போது தட்டில் பதிய முடியவில்லை. கம்பெனிகள் ரூடி வல்லி 1931இல் பாடியிருந்த பழைய தட்டைத் தூசி தட்டி மறுபடி வெளியிட்டன. 1943இல் அதுதான் விற்றது. இங்கேயும் படத்தின் குரல் கடையில் இல்லை, வேறொரு குரல் காசு பார்த்தது. அந்தப் படத்தின் இசையமைப்பாளர் மேக்ஸ் ஸ்டைனருக்கு இந்தப் பாட்டே பிடிக்காது, மாற்றிவிட நினைத்தார். அதற்குள் இங்க்ரிட் பெர்க்மன் அடுத்த படத்துக்காகத் தலைமுடியை வெட்டிக்கொண்டதால் காட்சியைத் திரும்ப எடுக்க முடியாமல் போனது. பாட்டு தப்பித்தது. அதே ஸ்டைனரின் ‘எ சம்மர் பிளேஸ்’ மெட்டு, அவருக்குப் பிடிக்காத அந்தப் பாட்டோடு ஒரே ஆல்பத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

பாடல்களில் ‘மூன் ரிவர்’ பற்றிச் சொல்லிவிட்டேன். ‘இட் மைட் ஆஸ் வெல் பி ஸ்பிரிங்’ அவருக்குக் கச்சிதம். ‘தி செகண்ட் டைம் அரவுண்ட்’ அதைவிட நன்றாக இருக்கும். நடுவயதில் மறுபடி காதலிக்கும் ஒருவரின் பாட்டு, அலட்டல் இல்லாத குரல் கேட்கிறது. அதைப் படத்தில் பாடியவர் பிங் கிராஸ்பி. அயோவா மாநிலத்து வால் லேக் என்ற குட்டி ஊரில் பிறந்த ஆண்டி, சிறுவயதில் அண்ணன்மார் மூவரோடு ‘வில்லியம்ஸ் பிரதர்ஸ்’ என்று பாடிக்கொண்டிருந்தார். 1944இல் கிராஸ்பியின் ‘ஸ்விங்கிங் ஆன் எ ஸ்டார்’ தட்டில் பின்னால் கேட்கும் கோரஸ் இந்த நால்வர்தான். ஆஸ்கர் வாங்கிய சினிமாப் பாட்டு ஒன்றின் ஓரத்தில் பதினாறு வயதிலேயே நின்றவர், பதினெட்டு வருஷம் கழித்து அதே கிராஸ்பியின் பாட்டை நடுவில் நின்று பாடுகிறார்.

சரிவராதவையும் உண்டு. ‘மரியா’ பாட்டில் இசையமைப்பாளர் பெர்ன்ஸ்டைன் அந்தப் பெயருக்குப் போட்ட மூன்று சுரங்கள் ச, பிரதி மத்யமம், ப. ஷட்ஜத்திலிருந்து பிரதி மத்யமத்துக்குப் போகும்போது காதில் ஒரு நெருடல் வரும், பஞ்சமத்துக்கு ஏறியதும்தான் அது தீரும். காதலும் ஆபத்தும் ஒன்றாக வரும் கதைக்கு அந்த நெருடல்தான் உயிர். வில்லியம்ஸ் அதை இஸ்திரி போட்டுத் தேய்த்துவிடுகிறார். அழகாக இருக்கிறது, ஆனால் கத்தியும் ரத்தமும் உள்ள தெரு அதில் இல்லை. ‘எக்ஸடஸ்’ இன்னும் பொருந்தாது. எர்னஸ்ட் கோல்டின் கம்பீரமான மெட்டுக்குப் பாட் பூன் பின்னால் எழுதிச் சேர்த்த வரிகள், நிலத்துக்காக ஓங்கி முழங்குபவை. வரவேற்பறைக் குரலில் அது முழங்க மறுக்கிறது. ‘நெவர் ஆன் சண்டே’ படத்தில் மெலினா மெர்கூரி பாடியது. கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்துப் பாலியல் தொழிலாளியின் குறும்பும் பூசூக்கி வாத்தியத்தின் துள்ளலும் அதில் இருந்தன. இங்கே எல்லாம் குளித்துத் தலைவாரி வந்திருக்கிறது.

இன்னொன்று நம் வாசகர்களுக்குப் பிடிக்கும். இந்த ஆல்பத்தின் மூலப் பாட்டுகள் சிலவற்றில் திரையில் வாயசைத்தவர் பாடியவர் அல்ல. ‘மரியா’, ‘டுநைட்’ பாட்டுகளில் நாயகன் ரிச்சர்ட் பெய்மருக்குக் குரல் கொடுத்தவர் ஜிம்மி பிரையன்ட். நாயகி நாடலி வுட்டுக்கு மார்னி நிக்சன். ‘இட் மைட் ஆஸ் வெல் பி ஸ்பிரிங்’ பாட்டில் ஜீன் கிரெய்னுக்கு லூவான் ஹோகன். நம் ஊரில் பின்னணிப் பாடகர் பெயரை வானொலியில் முதலில் சொல்வார்கள். அங்கே மூடி மறைத்தார்கள். குரலுக்கு முகம் இல்லாத பாட்டு, முகமும் குரலும் சேர்ந்து கிடைக்கும் ஒரு பாப் பாடகரிடம் போய்ச் சேர்வது இயல்புதானே.

இங்கே யாராவது இப்படி ஒரு ஆல்பம் போட நினைத்தால், 1909 சட்டத்தை நம்பி இறங்க வேண்டாம். 2012 திருத்தத்துக்குப் பிறகு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவுதான் கவர் ஆல்பங்களுக்கு. பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து காலண்டர் ஆண்டுகள் போக வேண்டும். உரிமையாளருக்கு முன்கூட்டியே அறிவித்து, பாட்டு ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டி கட்ட வேண்டும். அட்டையில் இது கவர் வெர்ஷன் என்று குறிப்பிட வேண்டும். 2012க்கு முன்பு இரண்டு ஆண்டுகள் போதும் என்று இருந்தது. அதற்கும் முந்தைய, இன்னும் தளர்வான விதியின் நிழலில்தான் எண்பதுகளின் கேசட் காலத்தில் இந்திப் பாட்டுகளின் ‘வெர்ஷன்’ வியாபாரம் செழித்தது.

வில்லியம்ஸ் போட்ட பாதையில் நிறையப் பேர் நடந்தார்கள். 1964இல் ஃபிராங்க் சினாட்ரா, நெல்சன் ரிடிலின் இசை ஒழுங்கமைப்பில் ஆஸ்கர் வாங்கிய பாட்டுகளாகவே ஒரு ஆல்பம் போட்டார். ‘மூன் ரிவர்’ அதிலும் உண்டு. ‘திரீ காயின்ஸ் இன் தி ஃபவுண்டன்’ வில்லியம்ஸ் ஆல்பத்திலும் இருக்கிறது, சினாட்ரா ஆல்பத்திலும் இருக்கிறது. 1954இல் அதே பெயரில் வந்த படத்தில் அதைப் பாடியவரே சினாட்ராதான், டைட்டிலில் பெயர் போடாமல். முதலிடம் பிடித்த தட்டோ ஃபோர் ஏசஸ் குழுவுடையது. 1998இல் நீல் டயமண்ட், 2003இல் பார்பரா ஸ்டிரைசாண்ட், 2015இல் அண்ட்ரியா பொச்செல்லி. மூவரின் சினிமா ஆல்பங்களிலும் ‘மூன் ரிவர்’ இருக்கிறது. ஸ்டிரைசாண்ட் கொஞ்சம் மெனக்கெட்டவர். ‘காலிங் யூ’ போன்ற அதிகம் பேர் தொடாத பாட்டுகளையும் சேர்த்திருக்கிறார். பாட்டுத் தேர்வில் அவருடைய ஆல்பத்தை நான் வில்லியம்ஸுடையதைவிட மேலே வைப்பேன், கேட்க இதம் என்றால் வில்லியம்ஸ்தான்.

கேட்கத் தொடங்குகிறவர்கள் ‘மூன் ரிவர்’ பாட்டை முதலில் ஹெப்பர்ன் குரலில், அப்புறம் ஜெர்ரி பட்லர், அப்புறம் வில்லியம்ஸ், கடைசியில் சினாட்ரா என்று அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொருவரும் அந்த ப-ரி-ச தாவலை எப்படிக் கடக்கிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். ‘மரியா’வுக்குப் படத்தின் ஜிம்மி பிரையன்ட் பதிவையே முதலில் கேட்டுவிடுவது நல்லது. வில்லியம்ஸிடமிருந்து தொடங்கினால் அந்தப் பாட்டை ஒரு சாதாரணக் காதல் பாட்டென்று நினைத்துவிடுவீர்கள்.